அரைச் சுற்று

வால்நட் கட்டையை இழைக்கும்போது வீடு முழுக்க நல்ல வாசனை வரும். என் மனைவி இருந்தபோது அது அவளுக்குப் பிடிக்கும். துப்பாக்கிக்கு மரப்பிடி செய்வதைப் பெரிய வித்தை என்று சொல்ல மாட்டேன். சுடுகிறவனின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தால் போதும், அளவு தெரிந்துவிடும். ஜீன் நோவாட்னிக்குப் பெரிய கை. சுண்டுவிரல் மட்டும் சற்று வளைந்திருக்கும்.

நீங்கள் அவன் செத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

அவனிடம் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று போட்டிக்கு, இன்னொன்று இடுப்பில் கட்டிக்கொண்டு ரோந்து போவதற்கு. இரண்டும் எங்கள் காவல் துறைக்குச் சொந்தம். இரண்டையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

போட்டித் துப்பாக்கியை நானே மாற்றிச் செய்தேன். பருத்த குழல், அதன் மேல் நீளம் முழுவதும் ஓடும், குறி பார்ப்பதற்கான பட்டை. எங்கள் போட்டியில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைப்பதில்லை. விசையை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தோட்டா உருளை சுழல வேண்டும், சுத்தியல் எழுந்து விழ வேண்டும், அதற்குள் கை அசையக்கூடாது. அதனால் உள்ளே சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங்கை மென்மையாக்குவோம். மென்மையாக்கினால் சுத்தியல் மெதுவாக அடிக்கும். தோட்டாவின் அடியில் நடுவே இருக்கிற சிறு மருந்துக் கிண்ணம் மெல்லிய தகடாக இருந்தால் அந்த அடிக்கும் வெடிக்கும். போட்டிக்கு அந்த வகைத் தோட்டாக்களைத்தான் வாங்குவோம். ரோந்துக்குத் துறை கொடுக்கிற தோட்டா வேறு. அதன் தகடு கெட்டி. நன்றாக ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும்.

இது எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தப் போட்டித் துப்பாக்கியை நான் எனக்காகச் செய்துகொண்டேன். அணியில் நான்கு பேர். அணி தொடங்கிய நாளிலிருந்து அந்த நால்வரில் நான் ஒருவன். சென்ற வசந்தத்தில் தேர்வு வைத்தார்கள். என் கண் முன்போல இல்லை. ஜீன் என்னைவிட நன்றாகச் சுட்டான். கேப்டன் பாஸ்கம் என்னைக் கூப்பிட்டு, "லைல், நீ கூட வா. துப்பாக்கியைப் பார்த்துக்க ஆளு வேணும்ல. அப்படியே உன்னோடதை அந்தப் பையன்கிட்ட குடுத்துடு" என்றார். கொடுத்தேன். பிடியை அவன் கைக்கு ஏற்ற மாதிரி புதிதாகச் செய்தும் கொடுத்தேன்.

முதல் நாளே அவன் இலக்குத் தாளின் நடுவட்டத்தைக் கிழித்துவிட்டான். தாளைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னிலும் சொன்னான்.

"பெருசு, இதைப் பெத்தது நீதான். ஆனா இதுக்கு என்னைத்தான் பிடிச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவான்.

கோடையில் அவன் ரோந்துத் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"பெருசு, அதைச் சுட்டுட்டு இதைத் தொட்டா செங்கல்லை இழுக்கிற மாதிரி இருக்கு. இதையும் அது மாதிரி ஆக்கிக் குடேன்."

"ரோந்துக்கு வேணாம்டா."

"உன்னைத் தவிர யாருகிட்டக் கேப்பேன்? வீட்டுல மார்லீன் பண்ணின ஆப்பிள் கேக் வண்டியில இருக்கு. முழுசா உனக்குத்தான்."

இப்படிக் கேட்டவர்களை நான் எப்போதும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று சரி என்றேன்.

எங்கள் நகரில் ஒரு விதி உண்டு. மிசிசிப்பியில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகுமுன், ரோந்துத் துப்பாக்கியில் துறைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டுத் தேற வேண்டும். வெடிக்காத தோட்டா தவறிய குண்டாகக் கணக்காகும். தேறாதவன் இடம் ஐந்தாவது ஆளுக்குப் போகும். ஐந்தாவது ஆள் நான்.

பிடியைக் கழற்றினால் கீழே முன்பக்கம் ஒரு சிறு திருகு இருக்கும். அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பது அதுதான். அரைச் சுற்றுத் தளர்த்தினேன். கெட்டித் தோட்டாக்களில் சில வெடிக்கும், சில வெடிக்காது. தேர்வில் இலக்காக நிற்கிற ஒரு காகித மனிதனுக்கு முன்னால் அவன் துப்பாக்கி நாலைந்து முறை வெடிக்காமல் டக் என்று ஓய வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

தேர்வு நாளில் துறைத் தோட்டா குறைவாக இருந்தது. கேப்டன், "இருக்கிறதை ரோந்துக்கு வைங்கப்பா. போட்டித் தோட்டா மிச்சம் கெடக்குல்ல, அதைச் சுட்டுத் தொலைங்க" என்றார். எல்லோரும் அதையே சுட்டார்கள். மெல்லிய தகடு. ஜீனின் துப்பாக்கியில் ஒன்றுகூடத் தவறவில்லை. சுட்டு முடித்து, உருளையைத் திறந்து, கெட்டித் தோட்டா ஆறைப் போட்டு மூடி, இடுப்பில் செருகிக்கொண்டு ரோந்துக்குக் கிளம்பினான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். என்ன சொல்வது? போட்டி முடியட்டும், திரும்பி வந்ததும் திருகை இறுக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அது நியாயமான யோசனை. மிசிசிப்பியில் நான் அவர்களுடைய பைகளைத் தூக்கினேன். தோட்டாப் பெட்டிகளை அடுக்கினேன். ஜீன் பதக்கம் வாங்கினான்.

திரும்பி வந்ததும் அவனே துப்பாக்கியைக் கொண்டுவந்தான்.

"ஒரு தடவை தொறந்து பார்த்துடு பெருசு. நீ பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

பதக்கத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போனான். நான் பிடியைக் கழற்றினேன். சுத்தம் செய்தேன், எண்ணெய் விட்டேன். திருப்புளி என் கையில் இருந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். நவம்பரில் ஒரு மத்தியானம், மருந்துக்கடையில் கொள்ளை. ஜீன்தான் முதலில் உள்ளே போனான். ரோந்து வண்டியில் இருந்த அவனுடைய கூட்டாளி, டக் டக் என்று ஆறு தடவை கேட்டதாகச் சொன்னான். அதற்கு அப்புறம்தான் எதிராளி சுட்டிருக்கிறான். அவன் மனைவி மார்லீனுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவன் துப்பாக்கிக்கு என்ன ஆச்சு லைல்? நீங்கதானே பார்த்தீங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

நீங்கள் சற்று முன் கேட்டது சரியான கேள்வி. அரைச் சுற்றுத் தளர்ந்தால் ஆறில் குறைந்தது இரண்டு மூன்று வெடித்திருக்க வேண்டும். ஆறும் ஏன் வெடிக்கவில்லை?

அவன் காப்பி எடுக்கப் போயிருந்தபோது இன்னொரு அரைச் சுற்றுத் தளர்த்தினேன். அப்போது முன்னால் தேர்வும் இல்லை, போட்டியும் இல்லை. பிடியை மாட்டித் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் விசையை ஒருமுறை வெறுமனே இழுத்துப் பார்த்து, "அடேயப்பா" என்று என் தோளில் தட்டினான்.

ஆனால் தோற்றதை மனதில் வைத்துக்கொண்டிருக்கும் ஆள் நான் இல்லை. எங்கள் நிலையத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.