கடைசி சீட்டிலிருந்து வந்த பதில்

மாலை ஆறரை மணி. மலைக்கோட்டை வாசல். அங்கிருந்து நகரத்துக்கு இறங்க ஒரே பாதைதான்... ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், விளக்கு கிடையாது. கடைசி டூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. அந்த பஸ்ஸின் கைடு அவர்தான். இப்போது அந்த வேலையில் இல்லை.

விடுமுறை வாரம். ஊர் பார்க்க வருகிறவர்களின் அவசரம் உங்களுக்குத் தெரியாததா? நானூறு வருஷக் கோட்டைக்கு நாற்பது நிமிஷம். அதிலும் முக்கால்வாசி போட்டோவுக்குப் போய்விடும். இதில் தலை எண்ண எங்கே நேரம்? கைடுகள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். விசில் ஊதி, "பக்கத்து சீட்டைப் பாருங்க, ஆள் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். கும்பலோடு கோவிந்தாவாக எல்லோரும் "இருக்காங்க" என்பார்கள். பஸ் கிளம்பிவிடும்.

அன்றைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. கூடவே கணவனின் அக்கா, கல்யாணம் ஆகாதவள். அவளுக்கும் ஊர் பார்க்க ஆசை இருக்காதா என்று கூட்டி வந்தார்களாம்... நல்ல மனசு. ஆனால் காலையிலிருந்து பை அவள் தோளில், குழந்தை அவள் இடுப்பில். சம்பளமில்லாத ஆயா என்று கைடு மனசுக்குள் நினைத்துக்கொண்டார். அன்று முழுக்க அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசி அவர் பார்க்கவில்லை. அவளுக்குக் கிடைத்த சீட்டும் கடைசி வரிசை. பக்கத்தில் ஆள் கிடையாது, பைகள்தான்.

கோட்டைக்குள் நிலவறையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வற்றிப் பல காலம் ஆகிறது, சுவரில் மட்டும் ஈர வாடை போகவில்லை. மேலே நின்று எட்டிப் பார்த்தபோது குழந்தையின் ஒரு ஷூ கழன்று உள்ளே விழுந்துவிட்டது. புது ஷூ. மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு கீழே கையைக் காட்டினாள். அக்கா படியில் இறங்கினாள். மற்றவர்கள் காத்திருக்கவில்லை, வாசலுக்கு நடந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் கைடு விசில் ஊதினார். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். கடைசி வரிசை மட்டும் இருட்டாக இருந்தது.

"பின்னாடி?" என்றார்.

"இருக்கேன்..."

பெண் குரல். மெல்லியது. கூடவே ஈரச் சுவரின் வாடை ஒன்று பஸ்ஸுக்குள் வந்ததாம். கணவன் திரும்பாமலேயே, "போலாம் சார், ஷோ ஆரம்பிச்சிடும்" என்றான். நகரத்தில் அன்று ஒளிக்காட்சி.

பஸ் இறங்கியது.

ஓட்டலில் தூங்கிப்போன குழந்தையை, அக்காவுக்கு எடுத்திருந்த பக்கத்து அறைக் கட்டிலில் போட்டார்கள். பைகளை எடுத்துக்கொண்டு அக்கா ஏறி வருவாள், பார்த்துக்கொள்வாள் என்று இருவரும் ஷோவுக்கு ஓடினார்கள். திரும்பி வந்ததும் மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். இருட்டு. ஈர வாடை. குழந்தையை யாரோ தட்டிக்கொடுக்கும் சத்தம்... தட்... தட்... தட்...

"அவங்கதான் இருக்காங்களே," என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

காலையில் குழந்தை மட்டும்தான் இருந்தது.

கோட்டையைத் திறந்த வாட்ச்மேன்தான் முதலில் பார்த்திருக்கிறான். படி பெயர்ந்து, தொட்டிக்குள் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். மடியில் அந்த ஷூ. கையில் ஒரு கல்.

"ராத்திரியெல்லாம் தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க. கீழ டவுன்ல டிரம்ஸ் அடிக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன்," என்றான் வாட்ச்மேன்.

விடிகிற வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். ராத்திரி யாராவது தேடி வந்திருந்தால் பிழைத்திருப்பாள். தேடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கைடு இடிந்துபோனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என் மேலதான் சார். நான் எழுந்து போய்ப் பார்த்திருக்கணும். ஆனா சத்தியமா சொல்றேன், உங்க அக்கா 'இருக்கேன்'னு சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்காவுக்குப் பொறந்ததுலேருந்து பேச்சு வராது சார்."

கைடின் பிடி தானாக விட்டுப்போயிற்று. "அப்போ... அந்தக் குரல்... உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு." அவன் தரையைப் பார்த்தபடியே இருந்தான். "யாரோ பதில் சொல்லிட்டாங்களேன்னு... விட்டுட்டேன்."