மூன்றாவது பாட்டில் ஒரு இடைவெளி

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள். நீங்கள் பழகிவிட்டீர்கள், உங்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கிறது. அடுத்தவர் காதில் விழாதது என் காதில் விழும் என்பதுதான் என் பிழைப்பே.

நான் இசை விமர்சகன் என்று சொன்னதும், "பாட்டு எழுதுவீங்களா சார்?" என்று கேட்டீர்கள். எழுதமாட்டேன். பாடவும் மாட்டேன். பாடுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்பது பெரும்பாலும் தெரியாது. அதைத் தெரியப்படுத்துவது என் வேலை. பிறகு, "பெரியவரே, வீட்ல யாராவது இருந்தா நம்பர் குடுங்க, வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றீர்கள். வீட்டில் யாரும் இல்லை. புத்தியும் தெளிவாகத்தான் இருக்கிறது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருக்கும் மாடிக் கட்டடத்தில் ஒரு பாடகி இறந்துபோனாரே, அது சம்பந்தமாக வந்திருக்கிறேன். மூச்சுத் திணறல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் தவறு இல்லை. கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் எழுதும் பத்திரிகையின் ஆசிரியை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பத்தாண்டை மாற்றிய ஆல்பங்களைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். தேர்வுக்கு நானும் இன்னொருவரும். அந்த இன்னொருவர் வானொலி அறிவிப்பாளர். ஊரெல்லாம் அவரைத் தேன்வாய் என்று கூப்பிடும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவர் குரலைக் கேட்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பல் தேய்க்கும்போது கேட்கத் தகுந்த குரல்தான்.

தேன்வாய் கொண்டுவந்த ஆல்பங்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும். ஒன்று, கூட்டம் சேர்ந்து கைதட்டுவதற்கென்றே பிறந்த மேளச் சத்தம். இன்னொன்றில் ஒரு இளைஞன் தொடக்கம் முதல் முடிவு வரை தன் காதலியைத் திட்டுகிறான். அதைக் கேட்டு ஒரு தலைமுறையே காதலிக்கக் கற்றுக்கொண்டது என்றார். "சார், ஜனங்க மனசுல எது நின்னுச்சோ அதுதானே ஆல்பம்?" என்றார். செருப்பில் ஒட்டிய சூயிங்கமும்தான் நிற்கிறது என்றேன். ஆசிரியை சிரித்தார். தேன்வாயும் சிரித்தார். அவருக்கு எதுவும் உறைக்காது, அது ஒரு வரம்.

முதலிடம் எதற்கு என்பதில் மட்டும் பேச்சே எழவில்லை. 'ஈரச்சுவர்'. நீங்கள் கேட்டதில்லை என்று முகத்திலேயே தெரிகிறது, பரவாயில்லை. கட்டைக்குரல்காரி என்று பட்டப்பெயர் எடுத்த ஒரு பெண், தன் அண்ணனை ஒலிப்பதிவுக்கு வைத்துக்கொண்டு, வீட்டு அறையிலேயே பாடிப் பதிந்தது. வந்த புதிதில் சீந்துவார் இல்லை. நான்தான் எழுதினேன். அதன் மூன்றாவது பாட்டில், சரணத்துக்கு நடுவே, குரல் சட்டென்று நின்றுவிடும். வாத்தியம் இல்லை, மூச்சு இல்லை, எதுவும் இல்லை. பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடரும். அந்த இடைவெளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கட்டுரை புத்தகமாயிற்று. சொல்ல வாயில்லாமல் போன ஒரு தலைமுறையின் துக்கம் அந்த மௌனத்தில் இருக்கிறது என்றேன். கல்லூரிகளில் அழைத்துப் பேசச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தாக்கம் என்பது. பாட வந்தவர்கள் எல்லாரும் பாட்டு நடுவில் நிறுத்தத் தொடங்கினார்கள். எதற்கு நிறுத்துகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது, ஈயடிச்சான் காப்பி. துணிக்கடை விளம்பரப் பாட்டில்கூட, தள்ளுபடி என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மௌனம் வந்தது. கேட்கிறவர்கள் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த இடத்துலதாங்க எங்கப்பாவ நான் மன்னிச்சேன்" என்றார். நான் தலையசைத்தேன். மன்னிப்பதற்கு அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது, நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

சிறப்பிதழுக்காக அந்தப் பாடகியைப் பேட்டி எடுக்கப் போனேன். அதுவரை நேரில் பார்த்ததில்லை. பார்க்க விரும்பியதும் இல்லை. ஆக்கியவரைப் பார்த்தால் ஆக்கம் சிறுத்துப்போகும்.

மதிய வேளை. படியேறிப் போனால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பதைத் தொட்ட, சதைப்பிடிப்பான பெண்மணி. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி அந்த அறையைப் பதிவு அறையாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் கணினி, இன்னொரு பக்கம் துவைத்து மடிக்காத துணி. "வாங்க சார், வாங்க. உங்களாலதான் சார் நான் இன்னிக்கு ஆளு" என்று சொல்லி, துணியை ஒதுக்கி சோபாவில் உட்கார இடம் கொடுத்தார். நல்ல பெண். அதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

பேச்சு மூன்றாவது பாட்டுக்கு வந்தது. அவர் என்னைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இத்தன வருஷமா உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். அந்த எடத்துல எனக்கு விக்கல் வந்துருச்சு சார்."

நான் பேனாவை மூடினேன்.

"சத்தமா ஒரு விக்கல். மறுபடி பாடலாம்னா எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு. அண்ணன்தான், 'சனியன வெட்டித் தூக்கிடறேன், யாரு கேக்கப் போறா'ன்னு வெட்டிட்டான். ஒட்டத் தெரியல அவனுக்கு. ஓட்டையாவே விட்டுட்டான். அப்புறம் பாத்தா நீங்க புத்தகமே போட்டுட்டீங்க. அவன் சாகிற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

சொன்னதோடு நிற்கவில்லை. வெட்டாத பதிவைக் கணினியில் தேடி எடுத்துப் போட்டும் காட்டினார். விக்கல்தான். சந்தேகமே இல்லை. சுருதிகூடச் சேர்ந்திருந்தது.

சிறப்பிதழ் வெளியீட்டு விழாவில் இதைச் சொல்லப் போவதாகவும், பதிவைப் போட்டுக் காட்டப் போவதாகவும் சொன்னார். "எல்லாரும் கொஞ்சம் சிரிக்கட்டுமே சார். ரொம்ப அழுதுட்டாங்க பாவம்" என்றார்.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அண்ணன் போனபிறகு யாருக்கும் தெரியாது என்றார். அந்தப் பதில் உண்மையாக இருந்திருக்கக் கூடாதா.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஒரு பத்தாண்டு இசை அந்த இடைவெளியின்மேல் நிற்கிறது. அதில் கையை வைத்தால் உங்கள் ஆல்பம் மட்டும் சரியாது, அதைப் பார்த்துப் பாடியவர்கள், கேட்டு அழுதவர்கள், அப்பாவை மன்னித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கேலிப்பொருள் ஆவார்கள். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பிறகு, "மன்னிச்சவங்க மன்னிச்சது மன்னிச்சதுதானே சார், விக்கலுக்காக வாபஸா வாங்கப் போறாங்க?" என்று மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாயிற்று. இருமல் இழுப்பாயிற்று.

வீசிங் உண்டு போலிருக்கிறது. கணினிக்குப் பக்கத்தில், என் கைக்கெட்டும் தூரத்தில், இன்ஹேலர் இருந்தது. அவர் கையை நீட்டினார். நான் எடுத்தேன். எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்குப் புரியவில்லை என்று முதலில் நினைத்துவிட்டார். பொறுமையாக, குழந்தைக்குக் காட்டுவதுபோல, என் பையைச் சுட்டிக் காட்டினார். எழுந்து வந்தார். நான் கதவுப் பக்கம் தள்ளி நின்றேன். அவர் துணிக்குவியல்மேல் உட்கார்ந்தார். கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று 'ஈரச்சுவ'ரின் மூன்றாவது பாட்டைச் சத்தமாக வைத்தேன். அந்த வீட்டில் அந்தப் பாட்டு கேட்டால் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. இடைவெளி வந்தபோது அறையில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. மிகவும் சன்னமாக, தாளம் தப்பி. எத்தனையோ தடவை கேட்ட இடம். அன்றுதான் அது நிறைந்திருந்தது.

பிறகு கணினியிலிருந்த அந்தப் பதிவை அழித்தேன். இன்ஹேலரைச் சட்டை நுனியால் துடைத்து, அவர் விரல்களில் ஒருமுறை வைத்து எடுத்து, சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். படியிறங்கும்போது கீழ்வீட்டு அம்மாவுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன்.

நான் அவரைக் கொன்றதாக நினைக்கவில்லை. அவருடைய ஆல்பத்தை அவரிடமிருந்து காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன். ஒரு பத்தாண்டுக்காக யாராவது இதைச் செய்யத்தான் வேண்டும். தேன்வாயை நம்ப முடியுமா?

ஆனால் பாருங்கள். இரங்கல் கூட்டத்தில் அவருடைய அக்கா மகள் மேடையேறினாள். "சித்தி இத எனக்கு மட்டும் அனுப்பி வச்சிருந்தாங்க. எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு ரொம்ப ஆசப்பட்டாங்க" என்று சொல்லி, போனை மைக்குக்கு நேரே பிடித்தாள். அரங்கம் முழுக்க விக்கல் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

சிரித்தார்கள். அழுதார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். தேன்வாய் எழுந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்தப் பத்தாண்டின் உயிர்த்துடிப்பே அந்த விக்கல்தான் என்றார். அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. சிறப்பிதழில் 'ஈரச்சுவர்' முதலிடத்திலேயே நின்றது, அதற்குக் கீழே தேன்வாயின் கட்டுரை. இப்போது பாடுகிறவர்கள் எல்லாரும் பாட்டு நடுவில் விக்குகிறார்கள். போன வாரம் செருப்புக்கடை விளம்பரத்தில்கூடக் கேட்டேன்.

என்னை ஒருவரும் கேலி செய்யவில்லை. மௌனத்தைப் பற்றி யாரோ எப்போதோ எழுதியிருந்தார்கள் என்பதே யாருக்கும் நினைவில்லை. ஆசிரியையிடம் கேட்டேன். "அத விடுங்க சார், இப்ப அதெல்லாம் எதுக்கு" என்றார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்த அக்கா மகள் என்னிடம் தண்ணீர் கொடுத்து, "நீங்க சித்திக்கு என்ன வேணும், மாமாவா?" என்று கேட்டாள்.

நீங்களாவது வருவீர்கள் என்று வீட்டில் காத்திருந்தேன். அந்த அறையில் கடைசியாக இருந்தது நான். ஆம்புலன்ஸை அழைத்தது நான். சந்தேகப்படுவதற்கு இவ்வளவு இருந்தும் ஒரு கான்ஸ்டபிள்கூட என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

குற்ற உணர்ச்சி என்று எழுதாதீர்கள், அது அல்ல. 'ஈரச்சுவ'ரின் கதையை நாளைக்கு யாராவது முழுதாக எழுத உட்கார்ந்தால், நான் இல்லாமல் எழுத முடியாது. அது மட்டும்தான். வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டுங்கள். என் பெயருக்கு முன்னால் இசை விமர்சகர் என்று போடுங்கள். கொலை செய்தது அதற்குக் கீழே வரட்டும்.