மணி அடித்ததா என்ற கேள்வி

— பேனாவைக் கீழ வை அக்கா. நேரம் முடிஞ்சு போச்சு.

— ஒரே ஒரு வரிடா.

— நாளைக்குப் பரீட்சை ஹால்ல நிக்கிற மேடத்துக்கிட்ட இப்படிக் கெஞ்சிப் பாரு. பேப்பரைப் பிடுங்கிட்டுப் போயிட்டே இருப்பாங்க. வை கீழ.

— வெச்சுட்டேன், போதுமா? விரல் மடங்க மாட்டேங்குதுடா. ராத்திரி பூரா ஆஸ்பத்திரிப் போர்வையை மடிச்ச கை. பகல்ல உக்காந்து கதை எழுதுன்னா எங்கேருந்து எழுதும்?

— முப்பத்தாறு வயசுல பட்டம் வாங்கியே தீருவேன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னது யாரு, நானா?

— ஆபீஸ் வேலைக்கு மாத்தணும்னா பட்டம் கேக்குறாங்களே. அந்தச் சலவை ரூம் ஆவியில இன்னும் பத்து வருஷம் வெந்தா, நான் ஆளா இருக்க மாட்டேன்.

— தெரியும்க்கா, சும்மா சொன்னேன். சரி, கதை முடிஞ்சுது. அடுத்து குறிப்பு. இருபது நிமிஷம். அலாரம் வெக்கவா?

— கொஞ்சம் பொறு. கதையைக்கூட எப்படியாவது ஓட்டிடுவேன். இந்தக் குறிப்புதான் உயிரை வாங்குது. நான் எழுதின கதையைப் பத்தி நானே சொல்லணுமாம். எங்கேருந்து எடுத்தே, எதை மாத்தினே, ஏன் மாத்தினே... போலீஸ்காரன் விசாரிக்கிற மாதிரி.

— அப்ப நான் கேக்குறேன், நீ வாயால சொல்லு. அதையே அப்புறம் எழுதிக்கலாம். ஆறு மணிக்கு நான் பார்சல் வண்டியை எடுக்கணும். கொடு இப்படி, படிச்சுடுறேன்.

— என் கையெழுத்து புரியுதா?

— கோழி கிளறின மாதிரி இருக்கு. பேசாம இரு.

— சரி சரி, நீ படி.

— ம்.

— என்னடா, நாலு பக்கம் படிச்சுட்டு ஒரு 'ம்'?

— மறுபடியும் அம்மாவா?

— நான் என்ன பண்ணட்டும்? போன வாரம் 'மழை'ன்னு தலைப்பு வெச்சுக்கிட்டு எழுதினேன், இன்னிக்கு 'கதவு'. எதைக் கொடுத்தாலும் பேனா அந்த மத்தியானத்துலதான் போய் நிக்குது.

— ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. வேற ஏதாவது எழுதேன்.

— வேற எழுதினா கடன் வாங்கின சட்டையைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. நீ கேள்வியைக் கேளு.

— சரி. இந்தப் பொண்ணு நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து தூங்குறா. கடைக்குப் போன அம்மாவுக்கு நெஞ்சு வலி. இவளுக்குப் போன் பண்றாங்க, மூணு தடவை. மணி அடிக்கிறது இவளுக்குக் கேக்குது. கேட்டும் புரண்டு படுத்துடுறா.

— ஆமா.

— கேட்டுச்சாக்கா?

— அதான் எழுதியிருக்கேனே.

— கதையில இல்ல. உனக்கு, அன்னிக்கு.

— ஞாபகம் இல்லடா. எவ்வளவு யோசிச்சாலும் அந்தச் சத்தம் மட்டும் வர மாட்டேங்குது. நீ வந்து தோளைப் பிடிச்சு உலுக்கினே, அது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா போன் தலமாட்டுலதான் கெடந்துச்சு. அம்மா பேர்ல மூணு மிஸ்டு கால். சத்தமும் முழுசா வெச்சுதான் இருந்துச்சு, நானே பாத்தேன். அப்ப கேட்டுத்தானே இருக்கணும்? அரைத்தூக்கத்துல, அப்புறம் பேசிக்கலாம்னு விட்டிருப்பேன்.

— குறிப்புல என்ன எழுதப் போற?

— 'நினைவில் இல்லாத மணிச் சத்தத்தை அவள் கேட்டதாக மாற்றினேன்.' எப்படி?

— ஏன் மாத்தினேன்னு கேப்பாங்களே.

— கேக்கவே இல்லைன்னு எழுதினா எவன் நம்புவான்? நானே நம்பல. சாவுன்னா யார் மேலயாவது தப்பு இருக்கணும் இல்ல? என் மேலயே போட்டுக்கிட்டேன், வேற ஆள் தேட வேண்டாம் பாரு.

— அதை எழுதாதக்கா.

— ஏன், மார்க் வராதா?

— மார்க் வரும். ஆனா அது நடக்கல.

— கதைன்னா அப்படித்தான்டா, நடக்காததையும் எழுதலாம்... ஏய், என்னடா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? இந்தா, தண்ணி குடி.

— தண்ணி வேணாம். அன்னிக்கு நீ ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்துட்டு வந்தே. செருப்பைக்கூடக் கழட்டாம அப்படியே விழுந்தே. பாவமா இருந்துச்சு. ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கட்டும்னு, நான் வேலைக்குக் கிளம்பும்போது உன் போன் சத்தத்தை நிறுத்திட்டுப் போனேன்.

— இல்லடா. நான் பாத்தேனே. எழுந்ததும் கையில எடுத்துப் பாத்தேன், சத்தம் முழுசா இருந்துச்சே.

— ஆஸ்பத்திரியிலேருந்து எனக்குச் சொன்னதும் ஓடி வந்தேன் இல்ல... உன்னை எழுப்புறதுக்கு முன்னாடி, அதைத்தான்க்கா முதல்ல சரி பண்ணி வெச்சேன்.