அரைச் சுற்று

காலை ஏழரை மணிக்கு எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் ஏசியைப் போட்டுவிடுவார்கள். எட்டு மணிக்கு விரல் விறைக்கும். குளிரில் என் கை தடுமாறியிருக்குமோ என்று விசாரணைக் குழுவினர் நீங்கள் பெருந்தன்மையாகக் கேட்டீர்கள். தடுமாறவில்லை.

வடிவம்மாளின் இரண்டு முழங்கால்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

2006-இல் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. முழங்கால் மாற்றும்போது தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஊசிகளை முறுக்கி இறக்கி, அவற்றின்மேல் பளபளக்கும் உருண்டைகள் கொண்ட ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். ட்ராக்கர் என்று பெயர். கேமரா உருண்டைகளைப் பார்க்கும். எலும்பை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று திரை சொல்லும். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். தோலில் சிறு தையல்கள் மட்டும் மிஞ்சும்.

அதுவரை அந்தக் கோணத்தைச் சொன்னவன் நான். ஒரு கம்பி, என் கண், அவ்வளவுதான். கம்ப்யூட்டரோடு டாக்டர் சுதீஷ் வந்தார். நான் அவருக்கு நோயாளியின் காலைப் பிடித்துக்கொடுப்பவன் ஆனேன்.

"சாரே, ட்ராக்கர்ல மட்டும் தொடல்லே, கேட்டோ," என்பார். "சாரோட கண்ணு ரிட்டயர் ஆயி."

நர்ஸ் அஜிதா சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அளவெடுத்த பிறகு சட்டம் சற்று நகர்ந்தால், எலும்பே நகர்ந்ததாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். திரையில் கோடு நேராக இருக்கும். வெட்டு கோணலாக விழும். இதை வாயால் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. காட்ட வேண்டியிருந்தது.

வடிவம்மாள் தோவாளைக்காரர். கிழக்கேகோட்டையில் பூ விற்பவர். இந்த மலையாள ஊரில் எத்தனை வருடம் ஆனாலும் வலியைத் தமிழில்தான் சொல்ல வருகிறது என்று என்னைத் தேடி வந்தார். "நீங்க பக்கத்துல நிப்பியளா டாக்டரே? அப்பம் கையெழுத்துப் போடுதேன்," என்றார். நின்றேன்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நான் அக்கறையாகவே இருந்தேன். அந்த வாரம் ஒரு பள்ளி ஆசிரியையும் ஒரு தபால்காரரும் இருந்தார்கள். அவர்கள் நின்றும் நடந்தும் பிழைப்பவர்கள். உட்கார்ந்து பூக்கட்டுகிறவருக்கு அவ்வளவு நேரான கால் தேவைப்படாது. அவர் தினமும் தம்பானூரில் பஸ்ஸிலிருந்து கூடையை இறக்கி, தலையில் வைத்துக் கோட்டைவரை நடப்பார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சுதீஷ் ரம்பத்தை வாங்கத் திரும்பினார். என் தோள் கேமராவை மறைத்தது. சட்டத்தின் திருகை அரைச் சுற்று தளர்த்தி, சட்டத்தைச் சாய்த்து, மறுபடி இறுக்கினேன். பிறகு அவர் திரையைப் பார்த்து வெட்டினார். "பெர்ஃபெக்ட், சாரே," என்றார்.

கால் உள்பக்கம் வளைந்தது. ஆனால் கருவியை யாரும் குறை சொல்லவில்லை. வயதானவர், எலும்பு மோசம் என்றார்கள். ஒரு கால் போதாது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டும் ஒரே பக்கம், ஒரே அளவு வளைந்தால் எலும்பைக் காரணம் சொல்ல முடியாது. நொண்டலும் அவ்வளவாகத் தெரியாது. அவருடைய நன்மையையும் நான் யோசித்தேன்.

ஆறு மாதம் கழித்து மற்ற காலுக்கும் நாள் குறித்தார்கள். அன்றும் அரைச் சுற்றுதான். இந்த முறை அஜிதா பார்த்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கருவியை இப்போது துணிபோட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். இனி வரப்போகும் நோயாளிகள் தப்பினார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

வடிவம்மாளிடம் நான் பொய் சொன்னேனா என்று கேட்டீர்கள். இல்லை. இரண்டாவது ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டியில் படுத்தபடி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒன்று கேட்டார். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை.

"இதும் அது மாதிரி ஆயிராதுல்லா டாக்டரே? நீங்கதானே எனக்க காலைப் பிடிக்கது?"