எட்டடிச் சந்து

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கும் கொத்தனார்களே! சீருடையோடு ஓடிவந்திருக்கும், விடுதியில் வேலை பார்க்கும் பெண்களே! எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகை வரவில்லை.

நம் மேஸ்திரி அண்ணன் இல்லை. இந்தக் கரைக்கு முதல் கல் வைத்த கை இல்லை!

நாற்பது வருடத்துக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? மணலும் வலையும் உப்புக்காற்றும்தான். முதல் விடுதிக்குப் பன்னிரண்டு அறை. நான் சித்தாள். அண்ணன் எல்லா ஜன்னலையும் ரோட்டுப் பக்கம் வைத்தார். உப்புக்காற்றுக்கு முதுகைக் காட்டித்தானே நாம் வீடு கட்டுவோம்? முதலில் வந்த விருந்தாளி ஜன்னலைத் திறந்தார், எதிரே லாரி.

"கடல் எங்கேங்க?"

"கக்கூஸ் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, நல்லாத் தெரியும்" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து அவர் 'முதுகு மேஸ்திரி'. கோபப்பட்டாரா? சிரித்துக்கொண்டே அடுத்த விடுதியைக் கடலைப் பார்த்துக் கட்டினார். இரண்டு மாடி, ஐந்து மாடி, பத்து மாடி என்று கரை வளர்ந்தது. ஆனால் விடுதிக்கு விடுதி நடுவே எட்டடி விட்டார்.

"என் இடத்துல எதுக்குய்யா சந்து?" என்று முதலாளி குதித்தார்.

"படகைத் தூக்கிட்டு ஆளுங்க போகணும்ல? இடம் உங்களுது, கடலுமா உங்களுது?"

அப்படி ஏழு சந்து. ஒன்றில் ஜெனரேட்டர் உட்கார்ந்தது. ஒன்றுக்குப் பூட்டு விழுந்தது. இப்படியே ஆறு போயிற்று. நாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்?

ஏழாவது, என் பேத்தி மேனேஜராக இருக்கும் விடுதியை ஒட்டியது. எங்கள் வம்சத்திலேயே முதல் மேனேஜர். எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அங்கேதான் நானும் துணி மடிக்கிறேன். போன வாரம் அந்தச் சந்தை அடைக்கச் செங்கல் வந்து இறங்கியது. அண்ணன் ஒரு நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். போர்வைக் கட்டோடு போன என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீயும் வந்து உட்காரேன்."

"ஷிப்ட் முடியட்டும்ணே."

முடித்துவிட்டு வந்தேன். மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாற்காலி மட்டும் இருந்தது.

"சந்தைப் பத்தி மட்டும் பேசாத பாட்டி" என்று பேத்தி காலையில் சொன்னாள். அவள் பாடு அவளுக்கு. பேசிவிட்டேன், கண்ணு.

நல்ல வார்த்தை எல்லோரும் சொல்லியாயிற்று. இனி? நாளைக் காலை சுவர் எழுப்ப வருகிறார்கள். நாளைக்கு நான் ஷிப்டுக்குப் போகவில்லை. அண்ணன் நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது. அதில் போய் உட்காருவேன். எட்டடிக்கு நாலு நாற்காலி பிடிக்கும்.

மூன்று குறைகிறது.