கதவுக்கு இந்தப் பக்கம்

இல்லம்மா, சூப்பர்வைசர் அனுப்பல, நானாதான் வந்தேன். செக்கிங் டேபிள் அக்கா. குரலை வச்சே தெரியலையா? கதவைத் தொறக்க வேணாம், அப்படியே இரு. குழாயை மட்டும் மூடு. அழற சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான தொறந்து விட்டிருக்க? நல்லாவே கேக்குது. காலையில தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லாம இப்பதான் வந்திருக்கு, அதையும் வீணாக்காத.

யாரு, கடிகாரமா? அவர் எப்பவும்போல கையத் தூக்கி மணியப் பாத்துட்டு நிக்கிறாரு. டோக்கன் எங்க, டோக்கன் எங்கன்னு. கக்கூஸ் போக வரிசைக்கு ஒரே டோக்கன், அதைக் கழுத்துல மாட்டிட்டுப் போனவ திரும்பி வந்தாத்தான் அடுத்தவ எந்திரிக்கலாம்னு சட்டம் போட்ட சூப்பர்வைசர், நீ அதோட உள்ள போய்த் தாப்பாப் போட்டுக்குவேன்னு நெனச்சிருக்கவே மாட்டாரு. நிக்கட்டும். கால் வலிச்சா உக்காரட்டும்.

இஸ்திரிக்காரி பேசினதை நெனச்சுத்தான் அழற. பேசினாதான், நானும் கேட்டேன். உள்ள செவப்பு அப்படியே கெடக்குது, ஒரு பொம்பள இப்படியா விட்டுட்டு வருவா, அடிக்கடி ஓடுறவளைக் கேளுங்கன்னு, அத்தனை மெஷினும் நிக்க உன்னையப் பாத்துச் சொன்னா. நான் இல்லன்னு நீ சொன்ன. யாரும் நம்பல. நான் நம்புறேன். ஏன்னு இப்பக் கேக்காத.

இப்ப வலிக்குதா? தொப்புளுக்குக் கீழயா? நெறஞ்சா வலி, போனா கொஞ்சம் விடுது, வந்து மெஷின்ல உக்காந்தா மறுபடி முட்டுது. ஓடிப் போனா நாலு சொட்டு. அப்படித்தான? நான் ஒண்ணும் ஜோசியக்காரி இல்லடி. எனக்கும் அதேதான். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்ப வந்தது. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே எறங்குற எடத்துல கக்கூஸ் எங்க இருக்குன்னு யோசிக்கிற பொழப்பு. கல்யாணத்துக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்குறதுக்கு முன்னாடி அதைத்தான் தேடுவேன்.

தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டியா? நானும் அதைத்தான் செஞ்சேன், பெரிய புத்திசாலியாட்டம். கெட்டியாப் போய் இன்னும் எரிஞ்சுச்சு. கிருமின்னு மாத்திரை குடுத்தாங்க, முடிஞ்சதும் மறுபடி மாத்திரை. டெஸ்ட்ல பாத்தா கிருமியே இல்ல. இன்னொருத்தர் கல்லுன்னாரு. படம் எடுத்தா கல்லும் இல்ல. அப்ப ஏன் சார் வலிக்குதுன்னா, எல்லாம் மனசுலதாம்மான்னாரு. என் மனசு என்ன தொப்புளுக்குக் கீழயா இருக்குன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு.

கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மாதான் கேமரா வச்ச குழாயை உள்ள விட்டுப் பாத்தாங்க. ம்? இல்ல இல்ல, மரத்துப் போக மருந்து வச்சுத்தான் விடுவாங்க. எல்லாருக்கும் அது வேண்டியதும் இல்ல. மூத்திரப் பையோட உள்பக்கம் புண்பட்ட மாதிரி ஆயிடுதாம், லேசா நெறஞ்சாலே கத்துதாம். எதனால வந்துச்சுன்னு கேட்டேன். ஒரே காரணம்னு கைகாட்ட முடியாதும்மா, பலது சேந்து வரும்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன மொத டாக்டர் அவங்கதான்.

அப்புறம், வலிக்குப் பயந்து பயந்து கீழ இருக்குற சதையெல்லாம் மூடின கை மாதிரி இறுகிக் கெடக்குதாம். அதைத் தளர்த்தப் பயிற்சி சொல்லித் தர்றதுக்குன்னே ஒரு பொண்ணு இருக்கா. மல்லாந்து படுங்க, மூச்சை வயித்துக்கு எறக்குங்கன்னா. மூச்சு விடக் கத்துக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்னு சிரிச்சேன். ஆனா கேட்டுச்சு. டீயை விட்டேன், புளிப்பைக் கொறச்சேன். தண்ணியை நாள் பூரா மடக்கு மடக்கா குடிச்சேன். வெந்நீர்ப் பை வச்சுக்குவேன். மாத்திரையும் உண்டு. முட்டின உடனே ஓடாம கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் பழகச் சொன்னாங்க. அது வேற, டோக்கனுக்காகப் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கிறது வேற. அதை மட்டும் செய்யாத.

வீட்டுக்காரரா? கிட்ட வந்தாலே வலிக்குதுன்னா நடிக்கிறேங்கிறாரா? அவரையும் கூட்டிட்டுப் போ. பொண்டாட்டி சொன்னா ஏறாதது டாக்டர் சொன்னா ஏறும், சில பேர் காது அப்படி.

முழுசாப் போகுதோ இல்லையோ, பொழைச்சுக்கலாம். இது புத்துநோய் இல்லதானன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லம்மான்னாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க. என்னைக்காவது மூத்திரத்துல ரத்தத்தைக் கண்ணால பாத்தா, வலி இல்லாட்டியும், பழைய தொந்தரவுதான்னு உக்காந்துடாத, உடனே வான்னு.

இல்லம்மா, உன்னையச் சொல்லல. நீ ஏன் பயப்படுற.

ஏன் நம்புறேன்னு கேட்டியே. அந்தச் செவப்பு என்னுதுடி. ஊத்தித் தள்ளத் தண்ணி இல்ல. அப்படியே வெளிய வந்துட்டேன். அவ உன்னையப் பாத்துக் கத்துறா, நான் குனிஞ்சு ஒரே சட்டையோட பட்டனைத் தடவிட்டிருக்கேன். நான்தான்னு சொல்ல நாக்கு எழும்பல. போய்ச் சொல்றேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்.

இல்லம்மா, மாசாமாசம் வர்றது இல்ல. எனக்கு அதெல்லாம் நின்னு பல வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறம் போகவே இல்ல. முட்டிக்கிட்டு நிக்குது. போனா குனிஞ்சு பாக்கணுமே. உனக்கு அடக்காதங்கிறேன், நான் இங்க செவுத்தைப் புடிச்சுட்டு நிக்கிறேன்.

தாப்பா சத்தமா அது? வா. மூஞ்சியைத் தொடச்சுக்க. டோக்கனை என் கழுத்துல மாட்டு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம், ரெண்டு பேரும். கடிகாரம் என்ன வேணா சொல்லிக்கட்டும். இப்ப நான் உள்ள போறேன். தாப்பாப் போட மாட்டேன். நீ இங்கயே நின்னு எதையாவது பேசிட்டே இரு. இஸ்திரிக்காரியைத் திட்டினாலும் சரி. நிறுத்த மட்டும் நிறுத்தாத.