ரெண்டு நாக்கு

இல்லம்மா, அந்த ஒப்பந்தப் பேப்பரை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நம்ம கடைப் பேஸ்ட்டியைச் சாப்பிடு, சூடு ஆறிடும். சாஸ் பாட்டில் அந்தாண்ட இருக்கு. அடிலெய்டுலேர்ந்து ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு மூன்டாவுக்கு வந்திருக்க, வெறும் வயித்தோட அனுப்பினா எனக்குத்தான் கெட்ட பேரு. என்னது, நல்லாருக்கா? தாயே, இன்னும் ஒரு வாய்கூட உள்ள போகல. டிவிக்காரங்களுக்கு அந்த ஒரு வார்த்தை நாக்குலயே ஒட்டிக்கிட்டு இருக்கும் போல.

சரி, உன் விஷயத்துக்கே வரேன். உங்க சமையல் போட்டியோட புது சீசன்ல பழைய ஆளுங்களை ஜோடி ஜோடியா எறக்கப் போறீங்க. நானும் கோஸ்டாவும் ஒரு ஜோடி. போன வருஷம் ஃபைனல்ல மோதினவங்க இந்த வருஷம் ஒரே அடுப்புல. கேக்கவே புல்லரிக்குது, போ.

நீ அப்ப அங்க வேலைக்கு வரல, அதனால சொல்றேன். பன்னெண்டு பேரு நாங்க. ஒவ்வொருத்தரும் ஓட்டல் அடுப்புல இருபது வருஷம் வெந்தவங்க. எங்க கண்ணைக் கட்டி, இது கேரட்டா பூசணியான்னு கேட்டாங்க. மணி அடிச்சா திருட்டுப் பசங்க மாதிரி ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கணும். சமைச்சு வச்ச தட்டை ஒரு மணி நேரம் சுத்திச் சுத்திப் படம் புடிப்பாங்க. அப்புறம் ஜட்ஜு வந்து, ஆறி அவலாப் போனதை வாயில வச்சு, கண்ணை மூடி, ஆகா என்ன எதமான சூடும்பாரு. ஹெய்டன்னு பெர்த்காரன் ஒருத்தன், அவங்கம்மா செத்ததைச் சொல்லி அழுதான். நெஜமாவே அழுதான், பாவம். வெளிச்சம் சரியில்ல, இன்னொரு வாட்டி அழுங்கன்னாங்க. அவனும் அழுதான் பாரு, அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கோஸ்டா? அவன் ஆறு வருஷம் என் ஓட்டல்ல எனக்கு அடுத்த ஆளு. வெங்காயம் நறுக்குறதுலேர்ந்து நான் பழக்கினதுன்னு சொல்ல மாட்டேன், வரப்பவே வேலை தெரிஞ்சவன். ஆனா எங்க சமையக்கட்டுல ஒரு பழக்கம். எந்தச் சட்டியும் ரெண்டு நாக்கு படாம வெளிய போகாது. நாளெல்லாம் ருசி பாத்துட்டே இருந்தா சமைக்கிறவ நாக்கு மரத்துப் போயிடும்மா, உப்பு ஒறைக்காது. அதனால அவன் கரண்டியோட என்கிட்ட வருவான், நான் அவன்கிட்ட போவேன். வாயில வச்சா ஒரே சொல்லுதான். புளிக்குது. உப்பு. எல்லாம் சரின்னா, போலாம். அதுல மட்டும் பொய் கெடையாது. புருஷன் பொண்டாட்டிகூட அவ்வளவு யோக்கியமா இருக்க மாட்டாங்க. நான் ஒருத்தனைக் கட்டிப் பாத்தவ, சொல்றேன்.

ஃபைனல்ல முடிய ஒம்போது நிமிஷம் இருக்கு. அவன் ஆட்டுக்கறிக்கு நம்ம காட்டுக் குவாண்டாங் பழத்துல சாறு காய்ச்சிட்டிருந்தான். பழக்க தோஷம், கரண்டியை எடுத்துக்கிட்டு நேரா என் மேசைக்கு வந்து நீட்டுறான். யாருகிட்ட? எதிராளிகிட்ட. நானும் மாடு மாதிரி வாயைத் தெறந்துட்டேன். புளிக்குதுடா, வெண்ணெயைப் போடுன்னேன். போட்டான். ஒரே ஒரு மார்க்குல ஜெயிச்சுட்டான்.

அதைத்தான் உங்க ஆளுங்க மெதுவா ஓட விட்டு, வயலினை இழுத்து, பெருந்தன்மைன்னு பேரு வச்சாங்க. பக்கத்து ஊரு கடீனாவுல மருந்துக் கடையில ஒரு பொம்பளை என்னைக் கட்டிப் புடிச்சு அழறா. என்ன பெருந்தன்மை? தும்மல் வந்தா தும்ம மாட்டோமா, அந்த மாதிரி வந்த வார்த்தை அது.

அவன் வெண்ணெய் போட்டதுக்கப்புறம் நடந்ததை வெட்டிட்டாங்க. பழக்கம் ரெண்டு பக்கமும்தானே? நான் என் நண்டு சூப்பை ஒரு கரண்டி எடுத்து அவனுக்கு நீட்டினேன். வாயில வச்சான். கொஞ்ச நேரம் வச்சிருந்தான். போலாம் செஃப்னான். அப்புறம் ஜட்ஜுங்க மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி, உப்பு இல்லன்னாங்க.

நீ கேக்குறது நியாயம். அவன் நாக்கும் மரத்திருக்கலாம். இல்லம்மா. போலாம்னு சொல்றப்ப அவன் என்னைப் பாக்கல, கரண்டியைப் பாத்தான். ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட கரண்டியைப் பாத்துட்டுச் சொன்னதில்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. என் கை உப்பு ஜாடியிலதான் இருந்துச்சு. மூணு வெரல்ல உப்பை அள்ளிட்டேன். வெட்டாத படம் உங்க ஆபீஸ்ல கெடக்கும், போட்டுப் பாரு. அப்படியே திருப்பி ஜாடியில கொட்டிட்டேன்.

ஏன்னா என்ன சொல்றது. போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன். ஆனா போட்டுட்டா அவன் என்கிட்ட பொய் சொன்னான்னு ஆயிடும்ல. கோப்பை போனாப் போகுது, இவன் நமக்கு வேணும்னு நெனச்சுட்டேன். முட்டாள் சிறுக்கி. ரெண்டும் போச்சு, ஓட்டலையும் வித்துட்டு இங்க வந்து உருளைக்கெழங்கை மாவுல மடிச்சுப் பேஸ்ட்டி போட்டு வித்துட்டிருக்கேன்.

அதனால பேப்பரை எடுத்து உன் பையில வச்சுக்க. கோவம்லாம் இல்ல. அவன் பக்கத்துல நின்னா மறுபடி கரண்டியை நீட்டுவான், நானும் மறுபடி வாயைத் தெறப்பேன். அதான் பயம்.

அட, முக்கால்வாசி தின்னுட்டியே. இப்பச் சொல்லு, எப்படி இருக்கு? தட்டைப் பாக்காத, என்னைப் பாத்துச் சொல்லு.

என்ன, கம்மியா?

கம்மிதான். தெனம் காலைல மொதச் சட்டிக்கு உப்பைக் கொறச்சுத்தான் போடுறேன், யாராவது சொல்றாங்களான்னு. எட்டு மாசமாச்சு, ஊரே தின்னுட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னு வாயைத் தொடச்சுட்டுப் போகுது. நீதாம்மா மொத ஆளு. அந்த ஜாடி உன் கைக்கிட்டதான் இருக்கு, இப்படித் தள்ளு.